சோழி எனும் சிறு கடல் நத்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோழியைத் தெரியாத தமிழ் வீடு குறைவு. பல்லாங்குழிப் பெட்டிக்குள் கிடக்கும், தாயக்கட்டத்தின் ஓரத்தில் கிடக்கும், மாட்டின் கழுத்தில் தொங்கும், பூஜை அறையில் சிவப்புத் துணிக்குள் முடிந்து வைத்திருப்பார்கள். ஆனால் அது எதிலிருந்து வருகிறது என்று கேட்டால் பலருக்கும் பதில் வராது. ஒரு வகைக் கல் என்பார்கள், கடலில் விளையும் கொட்டை என்பார்கள். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையிலேயே வளர்ந்த நானும் பதினைந்து வயது வரை அதற்குள் ஓர் உயிர் இருந்ததை அறியாமல்தான் ஆச்சியோடு பல்லாங்குழி ஆடினேன். அந்த உயிரைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சோழி என்பது உண்மையில் என்ன?

ஒரு சிறு கடல் நத்தையின் ஓடு. தோட்டத்து நத்தை முதுகில் ஓட்டைச் சுமந்து போகிறதே, ஏறக்குறைய அது போன்ற உடல் அமைப்புதான்: தவழ்வதற்கு ஒரு தசைப் பாதம், தலையில் உணர்கொம்புகள். ஆனால் சோழிக்குக் கொம்புகள் இரண்டுதான், கண்கள் அவற்றின் அடியில் இருக்கும். நாம் கையில் உருட்டுவது அந்த நத்தை தன் வாழ்நாளெல்லாம் கட்டிய வீடு. நத்தை இறந்து, சதை அழுகிப் போன பிறகு மிஞ்சுவது.

எல்லாச் சோழியும் ஒரே இனமா?

இல்லை. சோழிக் குடும்பத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கையளவு பெரிய, புள்ளி போட்ட புலிச்சோழியைக் கன்னியாகுமரி, ராமேஸ்வரம் கடைகளில் பார்த்திருப்பீர்கள். நான் இங்கே பேசுவது விளையாட்டுக்கும் வழிபாட்டுக்கும் பயன்படும் சின்னச் சோழியைப் பற்றி. பழைய தமிழில் பலகறை, கவடி, சோகி என்றெல்லாம் பெயர் இதற்கு. உயிரியலில் மொனெட்டாரியா மொனெட்டா. 1758இல் உயிரியலாளர் லின்னேயஸ் வைத்த பெயரிலேயே 'மொனெட்டா' இருந்தது. லத்தீனில் அது நாணயத்தைக் குறிக்கும் சொல். இந்த நத்தை காசாகப் புழங்கியது ஐரோப்பாவுக்கும் தெரிந்திருந்ததால் வந்த பெயர்.

பலகறையை எப்படி அடையாளம் காண்பது?

பெரும்பாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும். நிறம் வெளிர் மஞ்சள் அல்லது தந்த வெள்ளை. முதுகில் சில நேரம் சாம்பல் கலந்த பச்சைப் பட்டைகள் மங்கலாகத் தெரியும். முக்கிய அடையாளம் வடிவம்: முட்டை போல உருண்டு இருக்காது, ஓரங்கள் தடித்துப் புடைத்து, மேலிருந்து பார்த்தால் அறுகோணம் போல முனை தட்டியிருக்கும். விரலால் ஓரத்தைத் தடவினால் அந்த முடிச்சுகள் தட்டுப்படும்.

இதன் பங்காளி ஒன்று உண்டு. முதுகில் ஆரஞ்சு நிற வளையம் போட்டது போல இருக்கும், முடிச்சுகள் இருக்காது. அது மோதிரச்சோழி, மொனெட்டாரியா அன்னுலஸ். கடைகளில் இரண்டையும் கலந்துதான் விற்பார்கள். பழையதாகி வளையம் தேய்ந்த மோதிரச்சோழியைப் பலகறை என்று நினைப்பது சகஜம். ஓரத்தைத் தடவிப் பார்த்தால் குழப்பம் தீரும்.

உயிரோடு இருக்கும்போது எப்படி இருக்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். ஏனென்றால் உயிருள்ள சோழியைப் பார்த்தால் முதலில் அது சோழி என்றே தெரியாது.

என் சித்தப்பா சங்கு குளிக்கப் போனவர். ஒருநாள் கடல் நன்றாக வற்றிய காலையில் என்னைப் பாருக்குக் கூட்டிப் போனார். பார் என்றால் எங்கள் பக்கத்தில் கடலடிக் கல்திட்டு. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, ஒரு செத்த பவளக்கல்லை மெதுவாகப் புரட்டினார். அடியில் கறுப்பும் வெளிர்நிறமும் கலந்து வரி வரியாக, பாசி பிடித்த தோல் துண்டு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மேலெல்லாம் சின்னச் சின்ன மொட்டு போன்ற துருத்தல்கள். "தொடு" என்றார். விரல் பட்டதும் நடு முதுகில் அந்தத் தோல் பிளந்தது. திரைச்சீலையை இரண்டு பக்கமும் இழுப்பது போல இரண்டு மடல்களும் பின்வாங்கி இறங்க, உள்ளேயிருந்து ஈரம் மின்னும் மஞ்சள் ஓடு வெளியே வந்தது. அதுவரை நான் பார்த்த சோழி எதற்கும் அந்தப் பளபளப்பு இல்லை.

சித்தப்பா கல்லை எடுத்த மாதிரியே திருப்பி வைத்தார். "கல்லை மல்லாக்கப் போட்டுட்டு வந்தா அடியில இருக்கறதெல்லாம் வெயில்ல செத்துரும்லே" என்றார். கடற்கரையில் கல் புரட்டிப் பார்க்கும் எல்லாருக்கும் நான் சொல்வது இதைத்தான்.

ஓடு ஏன் இவ்வளவு வழவழப்பு? யாராவது பாலிஷ் போடுகிறார்களா?

பாலிஷ் போடுவது அந்த நத்தையேதான். மேலே சொன்ன இரண்டு மடல்களுக்கு மேன்டில் என்று பெயர், போர்வைத்தோல் எனலாம். மற்ற பெரும்பாலான நத்தைகளில் அது ஓட்டுக்குள்ளேயே இருக்கும், அதனால் ஓட்டின் வெளிப்புறம் பாசி படிந்து, கொட்டலசு ஒட்டி, தேய்ந்து போகும். சோழியில் அந்தத் தோல் வெளியே வந்து ஓட்டை முழுக்கப் போர்த்திக்கொள்கிறது. போர்த்தியபடியே மெல்லிய சுண்ணச் சத்தை அடுக்கடுக்காகப் பூசுகிறது, கீறல் விழுந்த இடத்தைச் சரிசெய்கிறது, எதுவும் ஒட்டவிடாமல் காக்கிறது. முதுகின் நடுவில் கோடு போல ஒன்று சில சோழிகளில் தெரியுமே, இரண்டு மடல்களும் வந்து சந்தித்த இடம் அது.

வாய் ஏன் இவ்வளவு குறுகல்? இரண்டு பக்கமும் பல் எதற்கு?

குட்டிச் சோழியைப் பார்த்தால் உங்களால் சோழி என்று நம்ப முடியாது. ஓடு காகிதம் போல மெலிந்து, சாதாரண நத்தை மாதிரி ஒரு பக்கம் சுருண்டு, வாய் அகலத் திறந்திருக்கும். வளர்ந்து முடியும் தறுவாயில் வாயின் வெளி உதடு உள்பக்கமாகச் சுருளத் தொடங்குகிறது. சுருண்டு சுருண்டு எதிர்ப்பக்கத்தை நெருங்கி, நடுவில் ஒரு கீற்று மட்டும் மிஞ்சும். பிறகு இரு உதடுகளிலும் பல் முளைக்கும். அதோடு நீளத்தில் வளர்ச்சி நின்றுவிடும். அதன்பின் ஓடு தடிக்கும், கனக்கும், ஆனால் நீளாது. அதனால் பெரிய சோழிதான் வயதானது என்று சொல்ல முடியாது. ஒரே வயதில் சிறிதும் பெரிதுமாக இருக்கும்.

பல நத்தைகளுக்கு வாயை மூடிக்கொள்ள ஒரு மூடி உண்டு. வளர்ந்த சோழிக்கு அது கிடையாது. குறுகிய, பல் வைத்த வாயே அதன் கதவு. நண்டின் கொடுக்கு உள்ளே போக வழி இல்லை.

உங்கள் வீட்டில் முதுகு உடைத்த சோழி இருந்தால் (கோர்ப்பதற்காகவோ தரையில் நிலையாக உட்காருவதற்காகவோ தேய்த்திருப்பார்கள்), அதை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். சுருண்டு போகும் உள்சுவர் தெரியும். குட்டியாக இருந்தபோது கட்டிய சுருள் அங்கே இன்னும் இருக்கிறது.

எங்கே வாழும், என்ன சாப்பிடும்?

செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை தொடங்கி மாலத்தீவு, லட்சத்தீவு, இலங்கை, மன்னார் வளைகுடா, இந்தோனேசியா என்று போய்ப் பசிபிக் தீவுகள் வரை. ஆழம் தேவையில்லை. ஓதம் ஏறி இறங்கும் ஆழமற்ற பாரில், கல்லுக்கும் செத்த பவளத்துக்கும் அடியில் கிடக்கும். பாசியைச் சுரண்டித் தின்னும். நாக்கில் அரம் போன்ற ஒரு பட்டை உண்டு, அதில் வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள்.

குட்டி போடுமா, முட்டையிடுமா?

முட்டைதான். ஆணும் பெண்ணும் தனித்தனி. சோழி இனங்களில் தாய் நத்தை முட்டைப் பொதிகளைக் கல்லடியில் இட்டு, அவற்றின் மேலேயே உட்கார்ந்து காக்கும். கோழி அடைகாப்பது போல என்று சொன்னால் எளிதில் புரியும், சூடு கொடுப்பதற்காக அல்ல, பாதுகாப்புக்காக. பொரித்து வரும் இளவுயிர்கள் கண்ணுக்கே தெரியாத அளவில் கடலில் மிதந்து போகும். இவ்வளவு பெரிய கடற்பரப்பில் ஒரே இனம் பரவியிருப்பதற்கு இந்த மிதக்கும் பருவம்தான் காரணம். அடைகாக்கும் சோழியைக் கல்லோடு எடுத்தால் ஒரு தலைமுறையையே எடுத்துவிடுகிறோம்.

விஷம் உண்டா?

சோழிக்கு இல்லை. கடிக்காது, கொட்டாது. ஆனால் அதே பாரில் கூம்பு வடிவ நத்தைகள் இருக்கும், அவற்றுக்கு விஷ முள் உண்டு. சில பெரிய கூம்பு நத்தைகள் கொட்டி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். ஐஸ்கிரீம் கோன் போல ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குவிந்த, அழகான கோலம் போட்ட ஓடு உயிரோடு கிடந்தால் கை வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள்.

காசாகப் பயன்பட்டது உண்மைதானா?

உண்மை. தங்கமோ வெள்ளியோ இவ்வளவு பரவலாக ஏழைகளின் கைக்கு வந்ததில்லை, சோழி வந்தது. சீனாவில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஷாங் அரச காலத்து அரசி ஃபூ ஹாவோவின் கல்லறையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சோழிகள் கிடைத்தன. இன்றும் சீன எழுத்தில் வாங்குதல், விற்றல், செல்வம், சரக்கு ஆகியவற்றைக் குறிக்கும் பழைய வடிவங்களுக்குள் சோழியைக் குறிக்கும் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த சீனத் துறவி ஃபாஹியான், இங்கே சந்தையில் சோழி கொடுத்துப் பொருள் வாங்குவதை எழுதியிருக்கிறார்.

ஏன் இந்த நத்தை? கையில் வைத்துப் பார்த்தாலே தெரியும். உடையாது, துருப்பிடிக்காது, எலி தின்னாது. ஏறக்குறைய ஒரே அளவு, அதனால் எண்ணவும் செய்யலாம், அளந்தும் கொடுக்கலாம், நிறுத்தும் கொடுக்கலாம். ஒன்று ஒரு கிராமைச் சற்றே தாண்டும் எடை. எல்லாவற்றுக்கும் மேலாக, கள்ளச்சோழி அடிப்பது கட்டுபடியாகாது. அந்தப் பல்லையும் பளபளப்பையும் போலியாகச் செய்ய ஆகும் கூலி சோழியின் மதிப்பைவிடப் பல மடங்கு.

அவ்வளவு சோழியும் எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி மாலத்தீவிலிருந்து. அங்கே சோழிக்கு 'போலி' என்று பெயர் (நம் தமிழ்ப் 'போலி' அல்ல). பதினோராம் நூற்றாண்டு அறிஞர் அல்பிரூனி அந்தத் தீவுகளைச் சோழித் தீவுகள் என்றும், அருகிலிருந்த கயிற்றுத் தீவுகளைத் தனியாகவும் பிரித்துச் சொல்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டு அரபு வணிகர் குறிப்பில், தென்னை மட்டையைத் தண்ணீரில் போட்டால் சோழிகள் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு இழுத்துக் கரை சேர்ப்பார்கள் என்று இருக்கிறது.

1343இல் மாலத்தீவு போய் அங்கே காஜியாகவும், அதாவது நீதிபதியாகவும், இருந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா இன்னும் விவரமாக எழுதினார். சோழிகளைக் கரையில் குழி தோண்டிப் போடுவார்கள், சதை அழுகிப் போய் வெள்ளை ஓடு மிஞ்சும். வங்காளத்தார் அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு அரிசி கொடுப்பார்கள். ஒரு தங்க தினாருக்கு நான்கு லட்சம் சோழி, சில சமயம் பன்னிரண்டு லட்சம் வரை போகும். அதே மனிதர் பிறகு மேற்கு ஆப்பிரிக்காவின் காவ் நகரத்தில் அதே சோழியைப் பார்த்தார். அங்கே தங்க தினாருக்கு 1,150. தூரம் கூடக்கூட ஒரு நத்தை ஓட்டின் விலை எப்படி ஏறியது என்பதை ஒரே மனிதர் தன் கண்ணால் கண்டு எழுதியது எனக்கு இன்றும் வியப்பு.

1602இல் மாலத்தீவில் கப்பல் உடைந்து ஐந்து ஆண்டுகள் அங்கே சிக்கிய பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சோழி பொறுக்கியதைச் சொல்கிறார். அந்த நாட்களில்தான் கடல் அதிகமாக வற்றும். பொறுக்கிய கையெல்லாம் பெண்களுடையது, விலை பேசியது வேறு ஆட்கள். பன்னிரண்டாயிரம் சோழிகளை ஓலையில் கட்டி ஒரு பொதியாக்கி அனுப்பினார்கள்.

ஒரு ரூபாய்க்கு எத்தனை சோழி?

காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். 18ஆம் நூற்றாண்டு வங்காளக் கணக்கு இது: 4 சோழி ஒரு கண்டா, 20 கண்டா ஒரு பண், 16 பண் ஒரு காஹன், 4 காஹன் ஒரு ரூபாய். பெருக்கினால் 5,120.

இதில் ஒரு காஹன் 1,280 சோழி. இப்போது 1150இல் பாஸ்கராசாரியர் தன் கணித நூலான லீலாவதியில் கொடுத்த வாய்பாட்டைப் பாருங்கள்: 20 வராடகம் ஒரு காகிணி, 4 காகிணி ஒரு பணம், 16 பணம் ஒரு திரம்மம். வராடகம் என்றால் சோழிதான். பெருக்கினால் அதே 1,280. அறுநூறு ஆண்டுகளாக ஒரு சந்தைக் கணக்கு கலையாமல் இருந்திருக்கிறது.

1778 வாக்கில் வங்காளத்தின் சில்ஹெட்டில் கலெக்டராக இருந்த ராபர்ட் லிண்ட்சே, அந்த மாவட்டத்தின் ஆண்டு வரியான சுமார் இரண்டரை லட்சம் ரூபாயும் சோழியாகவே வந்து சேர்ந்ததை எழுதியிருக்கிறார். ரூபாய்க்கு 5,120 என்று கணக்கிட்டால் 128 கோடி சோழி. எடை ஆயிரம் டன்னைத் தாண்டும். அதைக் கிடங்கில் சேர்த்து, படகுகளில் ஏற்றி டாக்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அத்தனையும் ஒரு காலத்தில் பாரில் தவழ்ந்த உயிர்கள்.

ஆப்பிரிக்க அடிமை வணிகத்துக்கும் சோழிக்கும் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு உண்டு. இந்தக் கதையில் மனதை மிகவும் உறுத்தும் பகுதியும் இதுதான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் சோழி மதிப்பான காசு. அது அங்கே விளையாது. ஐரோப்பியக் கம்பெனிகள் இந்தியக் கடலிலிருந்து சோழியைக் கப்பலின் அடிப்பாரமாக ஏற்றி ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் கொண்டு போயின. அங்கே ஏலத்தில் வாங்கிய வணிகர்கள் அதைப் பீப்பாய்களில் அடைத்து ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டு போய் மனிதர்களை வாங்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில் மட்டும் இப்படிப் போன சோழி ஆயிரம் கோடிக்கு மேல் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணக்கு. மாலத்தீவுப் பெண் குனிந்து பொறுக்கிய ஓடு, உலகின் மறுபக்கத்தில் இன்னொரு பெண்ணின் விலையானது. இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிய வாய்ப்பே இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் சோழியை 40 கொண்ட சரங்களாகக் கோர்த்து, 50 சரம் ஒரு தலை, பத்துத் தலை ஒரு மூட்டை என்று எண்ணினார்கள். மூட்டைக்கு 20,000. கானா நாட்டின் இன்றைய பணமான 'செடி'யின் பெயரே சோழியைக் குறிக்கும் அகான் மொழிச் சொல்லிலிருந்து வந்தது.

பிறகு ஏன் செல்லாமல் போனது?

இரண்டு காரணங்கள். ஒன்று, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் வணிகர்கள் சான்சிபார் பக்கத்து மோதிரச்சோழியை மேற்கு ஆப்பிரிக்காவில் கப்பல் கப்பலாகக் கொட்டினார்கள். விலை சரிந்தது, சோழியில் சேமித்தவர்கள் கண்ணெதிரே ஏழையானார்கள். இரண்டு, காலனி அரசுகள் வரியை வெள்ளியில்தான் கட்ட வேண்டும் என்றன. ஒடிசாவில் கிழக்கிந்தியக் கம்பெனி இப்படிச் சோழியை ஒதுக்கி வெள்ளி கேட்டதால் குடியானவர்கள் பட்ட துன்பம், 1817 பைக்கா கிளர்ச்சியின் காரணங்களில் ஒன்று.

சோழர்களால்தான் சோழி என்ற பெயர் வந்ததா?

ஒலி ஒத்திருப்பதை வைத்துச் சொல்லும் கதை அது. சோகி, கவடி, பலகறை என்று பல பெயர் இருக்கும்போது ஒன்றை மட்டும் பிடித்து அரச மரபோடு முடிச்சுப் போடுவது சரியல்ல. "உன் சோலியைப் பார்" என்பதில் வருவதும் வேறு சொல், அது வேலையைக் குறிப்பது.

ஆனால் சோழருக்கும் சோழி விளைந்த தீவுகளுக்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அவன் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' வென்றதாகச் சொல்கிறது. அந்தத் தீவுகள் மாலத்தீவு என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து.

சிவபெருமானுக்குக் கபர்தி என்று ஒரு பெயர் உண்டே, அதற்கும் சோழிக்கும் உறவு இருக்கிறது. வடமொழியில் கபர்தம் என்றால் சோழி, சோழி போலச் சுருட்டி முடித்த சடை உடையவன் கபர்தி.

தாயத்தில் சோழி போடும்போது மல்லாந்து விழவும் கவிழ்ந்து விழவும் சம வாய்ப்பா?

இல்லை. நாணயத்துக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்று. சோழிக்கு ஒரு பக்கம் குவிந்த முதுகு, மறுபக்கம் தட்டையான வாய். எடை எந்தப் பக்கம் கூடுதல், முதுகு தேய்ந்திருக்கிறதா, தரை எப்படி என்பதையெல்லாம் பொறுத்து ஒவ்வொரு சோழிக்கும் ஒரு குணம் இருக்கும். எங்கள் ஆச்சி அடுத்தவர் வீட்டுக்குத் தாயம் ஆடப் போனால் தன் சோழிகளை முந்தியில் முடிந்துகொண்டு போவார். அதில் நியாயம் இருந்தது என்று இப்போது புரிகிறது.

சோழிப் பிரசன்னம் பற்றி?

கேரளத்திலும் தென் தமிழ்நாட்டிலும் சோழியை உருட்டி, பிரித்து எண்ணிப் பலன் சொல்லும் வழக்கம் இருக்கிறது. இதே நத்தை ஓட்டைப் பதினாறாக எடுத்து உருட்டி யொரூபா மக்களும் பலன் பார்க்கிறார்கள். பலனைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. இருவரும் நம்பிக்கையோடு கையில் எடுப்பது ஒரே உயிரின் ஓடு.

பலகறை பற்பம் வீட்டில் செய்யலாமா?

கூடாது. சித்த மருத்துவத்தில் பலகறையைச் சுத்தி செய்து புடமிட்டுப் பற்பமாக்குகிறார்கள், பயின்றவர்கள் செய்யும் வேலை அது. சோழி ஓடு கால்சியம் கார்பனேட். கடுமையாகச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பாகிவிடும், அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். யூடியூப் பார்த்து அடுப்பில் வைக்காதீர்கள். தேவைப்பட்டால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் கேளுங்கள்.

கடற்கரையில் கிடக்கும் சோழியைப் பொறுக்கலாமா?

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே உயிருள்ளதோ ஓடோ எதையும் எடுக்கக் கூடாது. சில பெரிய சோழி, சங்கு இனங்களுக்கு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இருக்கிறது.

மற்ற கரைகளில், அலை ஒதுக்கிய பழைய ஓடு ஒன்றிரண்டை எடுப்பதில் தவறில்லை. ஆனால் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். நத்தை இல்லாவிட்டாலும், வாய் உடைந்த ஓட்டில் துறவி நண்டு குடியிருக்கலாம். கையில் வைத்து ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், இருந்தால் கால் நீட்டும். நன்றாகப் பளபளக்கும் சோழி கரையில் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். மணலில் புரண்ட ஓடு மங்கித்தான் இருக்கும்.

கடையில் வாங்கும்போதும் இது பொருந்தும். கண்ணாடி போல மின்னும் சோழி, பெரும்பாலும் உயிரோடு பிடித்துக் கொன்று எடுத்தது. இதைச் சொன்னால் விற்பவர்கள் மீது கோபம் வேண்டாம், அவர்கள் பிழைப்பு அது. வேண்டியதற்கு மேல் வாங்காமல் இருக்கலாம்.

இந்த இனம் அழியும் நிலையில் இருக்கிறதா?

இனம் முழுவதற்கும் அப்படி ஆபத்து இல்லை, அவ்வளவு பெரிய பரப்பில் பரவியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பாராகப் பார்த்தால் நிலைமை வேறு. மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. கல்லுக்கு அடியில் வாழும் உயிருக்குக் கல் போனால் வீடு போனது. கடல்நீரில் அமிலத்தன்மை கூடக்கூட ஓடு கட்டுவதும் கடினமாகும்.

பிளாஸ்டிக் சோழியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கன்னத்தில் வைத்துப் பாருங்கள், உண்மைச் சோழி சில்லென்றிருக்கும். இரண்டைத் தட்டினால் பீங்கான் சத்தம் வரும். பத்துச் சோழியை வரிசையாக வைத்துப் பற்களை எண்ணுங்கள், உண்மையில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. உண்மைச் சோழி நுரைக்கும், ஆனால் அந்த இடத்தில் மினுமினுப்பு போய்விடும், வேண்டாம்.

மீன்தொட்டியில் வளர்க்கலாமா?

உப்புநீர்த் தொட்டியில் பாசி தின்ன விடுகிறார்கள். சாதாரண நன்னீர்த் தொட்டியில் விட்டால் செத்துவிடும். முதல்முறை கடல் தொட்டி வைப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

வீட்டிலிருக்கும் பழைய சோழிகளை எப்படிப் பராமரிப்பது?

வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு கலந்து, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேயுங்கள். வாய்ப்பற்களுக்கு இடையில் அழுக்கு சேர்ந்திருக்கும், அங்கே பொறுமை தேவை. பிளீச்சிங் பவுடர், வினிகர், புளி எதுவும் ஆகாது, எல்லாம் ஓட்டை அரிக்கும். துடைத்து நிழலில் காயவைத்து, துணியில் ஒரு துளி எண்ணெய் தொட்டுத் தடவினால் நிறம் கொஞ்சம் எழும்பும். வெயிலில் வைத்தால் மஞ்சள் வெளிறிவிடும்.

பலர் கேட்கும் இன்னொன்று, மரப்பெட்டிக்குள் வைத்த சோழி மேல் ஏன் வெள்ளையாகத் தூள் பூக்கிறது என்பது. பூஞ்சை என்று நினைப்பார்கள். அது பூஞ்சை அல்ல. சில மரங்களிலிருந்து மெல்லக் கசியும் அமில ஆவி, ஈரக்காற்றோடு சேர்ந்து ஓட்டை அரிப்பதால் வரும் உப்பு. அப்படிப் பூத்திருந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, முழுவதும் உலர்த்தி, கண்ணாடிச் சீசாவில் போட்டு வையுங்கள். பல்லாங்குழி ஆடி முடித்ததும் பெட்டிக்குள் அள்ளிப் போடாமல் சீசாவில் போடப் பழகிவிட்டால் போதும், மீண்டும் பூக்காது.